ஏரிக்குள் பிடித்த கால்

பழவேற்காடு ஏரிக்குள் நான் ஒரு செத்தவரின் காலைப் பிடித்தேன் என்று எங்கள் பசியாவரம் தீவில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நானே கொஞ்ச காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கையையும் காலையும் பற்றிப் பேச என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், எழுதத் தெரியும். கையும் பேனா பிடிக்கிற நிலையில் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

அப்போது எண்பதுகள் தொடங்கியிருந்தன. எங்கள் தீவில் ஆண்கள் படகும் வலையுமாகப் போவார்கள். எங்களில் சில பெண்கள் கையால் இறால் பிடிப்போம். மார்பளவுக்குத் தண்ணீர் வரும்படி குந்தி உட்கார்ந்து, பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது, தண்ணீர் அவ்வளவு கலங்கல். இறால் மீசை விரலில் பட்டதும் அமுக்க வேண்டும், எடுக்க வேண்டும், பறியில் போட வேண்டும். விரலுக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இல்லை.

முதலில் குதிகால்தான் தடித்தது. அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று கல்லில் தேய்த்துவிட்டுப் போய்விட்டேன். அப்புறம் உள்ளங்கை மஞ்சள் பூத்துக் கெட்டியானது. சேலை கொசுவம் வைக்கும்போது நூல் கையில் மாட்டி இழுக்கும். நகங்கள் பழுப்பாகி, மேலே தூக்கிக்கொண்டு, பழைய சோப்புக் கட்டி போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தன. அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியைத் துணி இல்லாமல் இறக்கி வைப்பேன். என் வீட்டுக்காரர் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெருமைப்பட என்ன இருக்கிறது அதில், கைக்குச் சூடு தெரியவில்லை, அவ்வளவுதான். வேப்பெண்ணெய், மஞ்சள் என்று எல்லாம் தடவிப் பார்த்தேன். பறியில் இறால் குறைந்துகொண்டே வந்தது.

இங்கே அஞ்சலை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் வேலாயுதத்தின் மனைவி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் காலைப் பிடித்ததற்கு முந்தின வருஷம் வாடைக்காற்று ஓங்கி அடித்த ஒரு நாளில், ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் வேலாயுதத்தின் படகு கவிழ்ந்தது. படகு வந்தது, வலை வந்தது, அவர் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து காரியம் செய்துவிடலாம் என்று பேசியபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு அவரு வூட்டுக்கு வரணும், இல்ல கரைக்கு வரணும். ரெண்டும் இல்லாம நான் இன்னாத்துக்குப் பொட்ட அழிக்கணும்?" என்றாள்.

பொட்டும் மெட்டியும் அப்படியே இருந்தன. அவள் சிரிப்பதும் இல்லை, அழுவதும் இல்லை. கல்யாண வீட்டுக்கும் கூப்பிட மாட்டார்கள், துக்க வீட்டுக்கும் கூப்பிடமாட்டார்கள். நடுவில் நின்றுவிட்டாள் பாவம்.

அந்தக் காலைப் பிடித்த நாளுக்கு வருகிறேன். முகத்துவாரத்துப் பக்கம் திட்டுத் திட்டாக ஆழம் குறைந்த இடம் ஒன்று இருக்கிறது. நாங்கள் நாலைந்து பேர் இறங்கியிருந்தோம். பனி விழுகிற காலம், தண்ணீர் சில்லென்று இருந்தது. வெகுநேரமாகக் குந்தியே நகர்ந்ததில் கால் மரத்துவிட்டது. முன்னால் ஒன்றும் அகப்படவில்லை என்று வலது கையைப் பக்கவாட்டில் துழாவினேன். சேற்றுக்குள் கட்டையாக ஏதோ தட்டியது. தடவினேன். குதிகால் மாதிரி ஒரு உருண்டை, அப்புறம் வளைவு, அப்புறம் வரிசையாக விரல்கள்.

கால் என்று புரிந்ததும் விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால் இறுகப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். அது என்னை இழுத்தது. முகம் குப்புறத் தண்ணீருக்குள் போனேன். பறி எங்கே போனது என்று தெரியாது. மற்ற பெண்கள் என் முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியபோது, "கால் புட்சி இழுக்குது, கால் புட்சி இழுக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

ஆண்கள் வந்து அந்த இடத்தையே கிளறினார்கள். வலை போட்டு இழுத்தார்கள், கழி குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. யாரும் பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அஞ்சலை அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்டி இருந்துச்சி?"

"சில்லுனு இருந்துச்சிக்கா. கட்டையா. மரம் மாரி."

"வலது காலா, எடது காலா?"

"தெர்லக்கா" என்றேன்.

"அவருக்கு எடது காலு சுண்டு வெரலு மடங்கினாப்ல இருக்கும். வெரலத் தடவினேன்னியே. மடங்கி இருந்துதா?"

தெரியவில்லை என்று மறுபடியும் சொன்னேன். அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு கை கால் இரண்டும் மோசமாகின. பிளந்த இடங்களில் சீழ் வைத்தது. தரையில் கால் ஊன்ற முடியவில்லை. செத்தவர் தொட்ட இடம் அழுகுகிறது என்றார்கள் சிலர். இன்னும் சிலர் அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார்கள், பெரிய வியாதி என்று. தண்ணீர் எடுக்கிற இடத்தில் என் குடத்தை மட்டும் தள்ளி வைத்தார்கள். எனக்குப் பேயைவிட அந்தக் குடம் தள்ளிப்போனதுதான் பயமாக இருந்தது.

பழவேற்காட்டில் எங்களிடம் இறால் வாங்குகிற பாய் ஒருவர் உண்டு. ஊர்ப் பேச்சு காதில் விழுந்து, என்னைக் கூப்பிட்டு அனுப்பி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யம்மா, பேய்க்கு வேற வேலை இல்லியா, உன் நகத்தையா தின்னும்? பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. தோலுக்குனே தனி டாக்டருங்க கீறாங்க" என்றார். என் வீட்டுக்காரர் தொழிலை விட்டுவிட்டு வரமுடியாது என்று இழுத்தபோது, "நான் கூடப் போறேன்" என்று அஞ்சலை அக்கா சொன்னாள். எங்கள் எல்லாருக்கும் ஆச்சரியம். அவள் அந்த ஒரு வருஷமாகத் தீவை விட்டு எங்கும் போனதில்லை.

படகில் பழவேற்காடு, பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். வழியெல்லாம் என் கைகளைத் தன் ஈரத்துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டே வந்தாள். எவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சு. நான் உட்கார்ந்ததும் ஓரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். தோல் வியாதிக்காரர்களே தோல் வியாதிக்காரியைப் பார்த்து ஒதுங்கினார்கள், அந்த வேடிக்கையை என்னவென்று சொல்ல. உள்ளே ஒரு டாக்டரம்மா. அதிகம் பேசாதவர். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் அங்கங்கே தொட்டு, "இப்ப தெரியுதா, இப்ப?" என்று கேட்டார். முழங்கையில் தெரிந்தது. உள்ளங்கையில் சில நேரம் அவர் தொடாதபோதும் தெரிகிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடுகிறார்களா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை தெரியுமா? நான் அங்கே இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

காது மடலில் சின்னதாகக் கீறி, கசிந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார்கள். பெரிய வியாதி இருந்தால் அதன் கிருமி அதில் தெரியுமாம். நகத்தைச் சுரண்டிய தூளையும் எடுத்துக்கொண்டார்கள். முடிவுக்காக அந்தப் பெஞ்சிலேயே காத்திருந்தோம்.

"தொழுநோய் இல்லை" என்றார் டாக்டரம்மா ஒரு வழியாக. "நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எல்லாருக்கும் தோல் மேல தினமும் செத்து உதிரும். உனக்கு உதிராம அடுக்கடுக்கா உட்கார்ந்துடுச்சு. உப்புத் தண்ணியிலயே கிடந்ததுல வெடிச்சு, நகத்துல பூஞ்சை வேற பிடிச்சிருக்கு. உயிருள்ள தோல் கீழ இருக்கும்மா. மேல இருக்கிறதெல்லாம் செத்தது."

செத்தது என்றதும் நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீழ் இருந்ததால் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். சீழுக்கும் பூஞ்சைக்கும் மாத்திரை. தோலுக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலேயே கலந்து கொடுத்த வெள்ளைக் களிம்பு, அகல வாய் பாட்டிலில். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு "யூரியா" என்றாள் நர்ஸ். பக்கத்துக் கட்டிலில் அனுப்பம்பட்டிலிருந்து வந்த குப்பம்மாள் என்கிற நெல் விவசாயக்காரி இருந்தாள், கால் புண்ணுக்காக. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாங்க நாத்துக்குப் போடறத உனக்குப் பூசறாங்களா? வெரலு மொளைக்கும் பாரு. எங்க வூட்ல மூட்டையா கீது, எடுத்தாரச் சொல்லவா?"

வயலுக்குப் போடுவதைக் கையில் பூசினால் புண்தான் ஆகும் என்று டாக்டரம்மா அவளை அதட்டினார். களிம்பில் இருப்பது மருந்துக்கென்று சுத்தம் செய்து அளவாகக் கலந்ததாம். குறைந்த அளவில் தோலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதிக அளவில் செத்த தோலின் பிடிப்பைத் தளர்த்திக் கழன்றுவர வைக்கும், உயிருள்ள தோலை ஒன்றும் செய்யாது. இதுதான் எனக்குப் புரிந்தது. முதலில் வலது பக்கம் மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றார். வலது கை, வலது கால். இடது பக்கம் காத்திருந்தது.

களிம்பை அப்பி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, துணி கட்டுவார்கள். வெடிப்பில் பட்டால் எரியும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். காலையில் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் தோல் மேலாகப் பிரிந்து வரும். நர்சுக்கு இருந்த வேலையில் இதையெல்லாம் இரண்டே நாளில் அஞ்சலை அக்காவே கற்றுக்கொண்டு செய்ய ஆரம்பித்தாள். அவ்வளவு பதமாகச் செய்வாள். ஒரு விரலும் விடாமல், இடுக்கும் விடாமல்.

ஒரு மத்தியானம் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கவில்லை. அக்கா களிம்பு போட்டுக்கொண்டே மெதுவாகப் பேசுவது கேட்டது. குப்பம்மாளிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"குளுருதா? இன்னும் அங்கியேதான் கீறியா? இவள இன்னாத்துக்கு இழுத்த, என்னிய இழுத்திருந்தா வந்திருப்பேன் இல்ல."

என் உள்ளங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை. படகிலிருந்து அவள் பிடித்துக்கொண்டு வந்தது என்னை அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரைக் கடைசியாகத் தொட்ட கையை அவள் பேணிக்கொண்டிருந்தாள்.

நகத்துக்கு இன்னும் கெட்டியான களிம்பு. சுற்றியுள்ள தோலைப் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவிட்டு, நகத்தின்மேல் மட்டும் அப்பி, தண்ணீர் படாமல் ஒரு வாரம் கட்டியே வைத்திருந்தார்கள். அவிழ்த்த அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நகத்தைப் பிடுங்குவது என்றால் சும்மாவா? "முடிஞ்சிடுச்சு, பாரு" என்றாள் நர்ஸ். ஸ்டீல் கிண்ணத்தில் என் கட்டைவிரல் நகம் கிடந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை. ஒவ்வொன்றாக என் நகங்கள் என்னை விட்டுப் போவதை, யாருக்கோ நடப்பது போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கிண்ணத்தைக் கேட்டாள். நர்ஸ் எதற்கு என்றாள்.

"அதுக்குள்ள ஏரிச் சேறு கீதும்மா. அவரு மேல பட்ட சேறு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். நகங்களைத் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட அக்கா, அன்று எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "ஊருக்குப் போனதும் காரியம் பண்ணிடலாம் தேசம்மா. ஒடம்பு இல்லியேனுதான நின்னுக்கினு இருந்தேன். இது போதும் எனக்கு."

என் பேச்சை நம்பித்தான் அவள் தன் புருஷனை எரிக்கத் துணிந்திருந்தாள். நான் பிடித்தது என்ன என்று எனக்கே தெரியாது. அது அவர் இல்லை என்றால்?

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது அடக்கமுடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கால் என்னை இழுத்தது வரைக்கும். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, இன்னும் மருந்து படாத இடது காலை அதில் வைக்கச் சொன்னார். இடது கையையும் உள்ளேயே வைத்திருக்கச் சொன்னார். நன்றாக மரக்கும்வரை காத்திருந்தோம்.

"கண்ணை மூடிக்கோ. இப்ப தண்ணிக்குள்ள கையைத் துழாவு. என்ன இருக்குன்னு சொல்லு."

துழாவினேன். கட்டையாக ஒன்று தட்டியது. சில்லென்று இருந்தது. உருண்டை, வளைவு, விரல்கள். நான் மறுபடியும் ஏரிக்குள் இருந்தேன்.

"இதேதான்" என்றேன். "டாக்டரம்மா, இதேதான்."

"பிடிச்சு இழு."

இழுத்தேன். அது என்னை இழுத்தது. ஸ்டூலோடு சாய்ந்த என்னை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். கண்ணைத் திறந்தபோது என் இடது கை என் இடது காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கைக்கும் தெரியவில்லை, காலுக்கும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோதுகூட அது என் கால்தான் என்று நம்பமுடியவில்லை.

அக்கா கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் தலையணைமேல் வைத்தாள்.

"இது உன்னுதுதான்" என்று சொல்லிவிட்டு வார்டை விட்டு வெளியே போனாள்.

ஊருக்குப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அன்று முழுக்க வரவில்லை. குப்பம்மாள்தான் என் கட்டைப் பிரித்துவிட்டாள், பாவம், புண் காலோடு நொண்டிக்கொண்டு. நான் அழுத அழுகை எனக்காகவா அக்காவுக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவளுக்குக் கிடைத்த ஒரே ஒரு பிடியையும் என் வாயாலேயே பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"எடது கையக் காட்டு. அது அப்டியே கெடக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கையில் அவளுக்கு என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. அது வெறும் என் கை. இருந்தும் அதே பதத்தோடு, ஒரு இடுக்கு விடாமல் பூசினாள். அந்த உபகாரத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகும் மெல்லிய களிம்பைத் தினம் பூசிக்கொண்டிருந்தேன். நகம் முளைக்கும்வரை ஏரியில் இறங்கக் கூடாது என்று உத்தரவு. நகம் வளர்கிற வேகம் இருக்கிறதே, பொறுமையைச் சோதித்துவிடும். ஆனால் தோல் புதிதாக வந்தது. முதன்முதலாகச் சட்டி சுட்டபோது நான் சந்தோஷத்தில் உட்கார்ந்து சிரித்தேன். என் குடமும் பழைய இடத்துக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தோல் தடித்தால் கல்லில் தேய்த்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கை உங்களை விட்டுப் போவது உங்களுக்கே தெரியாது.

மறுபடியும் பனிக்காலம் வந்தது. ஒரு நாள் காலை அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு உன் கைக்குத் தெரியல. இப்பத் தெரியுது இல்ல? ஒரே ஒரு தபா வந்து தேடிக் குடுத்துடு."

எதை என்று நான் கேட்கவில்லை. நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. இருந்தாலும் போனேன்.

அதே இடம். தண்ணீர் அசையாமல் கிடந்தது, மற்ற பெண்கள் அந்தப் பக்கம் வருவதை விட்டு வெகுநாளாகியிருந்தது. நான் குந்தித் தடவிக்கொண்டே நகர்ந்தேன். அக்கா என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். புதுத்தோல் எதையும் விடவில்லை. மேல் சேறு வெதுவெதுப்பு, அடிச்சேறு குளிர்ச்சி. கிளிஞ்சல் விளிம்பு, நண்டு ஓடு, மக்கிப்போன கயிறு, விரலிடுக்கில் தப்பி ஓடிய இறாலின் மீசை. அந்தத் திட்டு முழுக்கத் தடவினேன். எங்கேயாவது அந்த உருண்டையும் வளைவும் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நகர்ந்தேன். வரவில்லை. மறுபடியும் ஒரு சுற்று வந்தேன்.

அப்போது கையில் ஒரு கால் அகப்பட்டது.

நான் பதறவில்லை. அது வெதுவெதுப்பாக இருந்தது. குதிகாலில் வெடிப்பு. இரண்டாவது விரலில் மெட்டி.

"அக்கா, இது நீ."

"பாக்காம சொல்றியா?"

"பாக்கலக்கா. நீதான்."

"வேற யாருமில்லியே?"

"இல்லக்கா. யாருமில்ல. நல்லாத் தெரியுது எனக்கு."

என் கைக்குள் அவள் கால் நடுங்குவது தெரிந்தது. பிறகு அவள் குனிந்து, தண்ணீருக்குள்ளேயே இரண்டு மெட்டிகளையும் கழற்றினாள். சுலபத்தில் வரவில்லை. கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"அங்கியே அமுக்கி வெச்சிடு" என்றாள்.

முழங்கை வரை கையைச் சேற்றுக்குள் விட்டு மெட்டிகளை அமுக்கினேன். பாதி வளர்ந்த நகத்துக்குள் சேறு ஏறி உயிர் போகிற மாதிரி வலித்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.